பழைய மெஷினில் தமிழ்ப் பெயர் ஃபைல்கள் எல்லாம் கேள்விக்குறி; புது லேப்டாப்பில் அதே ஸ்கிரிப்ட் ஒழுங்காக ஓடுகிறது. அப்படியே விட்டுவிடலாமா?

சிந்துபூந்துறை வாத்தியார்:

எல்லோருக்கும் வணக்கம். நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். புரோகிராம் எழுதுவது என் தொழில் இல்லை. ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட்டால் எனக்கு நேர்ந்ததை முழுதாகச் சொன்னால்தான் கேள்வி விளங்கும். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2004 முதல் நம் பக்கத்துக் கோயில் கொடைகளில் (ஊர்ச் சாமி திருவிழாக்களில்) நடக்கும் வில்லுப்பாட்டையும் கணியான் கூத்தையும் பதிவு செய்து வருகிறேன். சேரன்மகாதேவி, பத்தமடை, முக்கூடல், களக்காடு என்று எந்த ஊரில் கொடை என்று காதில் விழுந்தாலும் ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். முதலில் கேசட். 2009-ல் டிஜிட்டல் ரெக்கார்டர் வாங்கினேன். வெள்ளம் வந்த சமயத்தில் மொத்தம் 2,140 ஃபைல்கள் இருந்தன. ஆரம்பத்தில் ரெக்கார்டர் தானாகப் போடும் நம்பரையே பெயராக விட்டுவிட்டேன். 2013-க்குப் பிறகு எதையும் அப்படி விடவில்லை. ஊர், சாமி, பாடியவர், வருஷம் எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதித்தான் சேமிப்பேன். அப்படிப் பெயர் வைத்தவை 652.

2015-ல் என் தங்கை மகன் ஒரு பேக்கப் ஸ்கிரிப்ட் எழுதித் தந்தான். வெள்ளிக்கிழமை இரவு தானாக ஓடி, முதல் டிஸ்க்கில் புதிதாக வந்ததையெல்லாம் இரண்டாவது டிஸ்க்கில் சேர்க்கும். காலையில் பார்த்தால் திரையில் ‘முடிந்தது’ என்று இருக்கும். எட்டு வருஷம் அந்த ஒரு சொல்லை நம்பியிருந்தேன்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். மேஜையின் கீழ்த்தட்டில் இருந்த முதல் டிஸ்க் முழுகிவிட்டது. இரண்டாவது டிஸ்க் மச்சில் பத்திரமாக இருந்தது. கரண்ட் வந்த அன்று அதைத்தான் முதலில் போட்டுப் பார்த்தேன். 1,488 ஃபைல்கள் இருந்தன. நம்பர் போட்டவை எல்லாம் இருந்தன. தமிழில் பெயர் வைத்தவற்றில் ஒன்றுகூட இல்லை.

முழுகிய டிஸ்க்கை சென்னையில் ஒரு கடையில் கொடுத்து, மூன்று மாதம் கழித்து 648 ஃபைல்களை மீட்டேன். நான்கு திறக்கவில்லை. அதில் ஒன்று 2014-ல் பதிந்த சுடலைமாடன் கதை. உச்ச மகுடம், மந்த மகுடம் என்ற இரண்டு பறைகளும் சேர்ந்து முழங்க, நடுச்சாமம் தாண்டி விடியும்வரை தலைமைப் பாடகரான அண்ணாவி பாடியது. அவர் 2019-ல் காலமாகிவிட்டார்.

போன மாதம் என்னிடம் படித்த பையன் ஒருவன் வந்தான். ஐ.டி.யில் இருக்கிறான். எச்சரிக்கைகள் எல்லாம் தெரியும்படி ஏதோ ஒரு சுவிட்ச் கொடுத்து ஸ்கிரிப்டை ஓட்டினான். ‘விண்டோஸ் பைட் ஏபிஐ கைவிடப்படுகிறது, யூனிகோட் ஃபைல் பெயர்களைப் பயன்படுத்தவும்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. ஸ்கிரிப்ட் எந்தப் பெயரைப் பார்க்கிறது என்று திரையில் காட்டச் சொன்னான். சுடலைமாடன் என்று நான் எழுதிய இடத்தில் ?????????? என்று வரிசையாகக் கேள்விக்குறி. எண்ணிப் பார்த்தேன், பத்து. சு, ட, லை, மா, ட, ன் என்று ஆறு எழுத்துக்குப் பத்துக் கேள்விக்குறி எப்படி வந்தது?

வீட்டு டெஸ்க்டாப்பில் விண்டோஸ் 7, பைத்தான் 3.4. கேசட்டை டிஜிட்டலாக்கும் கார்டு அதில் மட்டும்தான் வேலை செய்கிறது, அதனால் அதை விட முடியாது. மகள் வாங்கித் தந்த புது லேப்டாப்பில் பைத்தான் 3.11. அதே ஸ்கிரிப்டை ஓர் எழுத்தும் மாற்றாமல் அதில் ஓட்டினால் எச்சரிக்கை இல்லை, கேள்விக்குறியும் இல்லை, தமிழ்ப் பெயர்கள் அத்தனையும் ஒழுங்காகப் போய்ச் சேருகின்றன. கைவிடப்படுகிறது என்று சொன்ன ஒன்று புது வெர்ஷனில் எப்படி நன்றாக ஓடுகிறது? எட்டு வருஷமாக அந்த எச்சரிக்கை ஏன் என் கண்ணில் படவில்லை? ஸ்கிரிப்டைத் திருத்த வேண்டுமா, வேண்டாமா?

பாளைக்காரன்:

சார், வணக்கம். இதைப் படித்த பிறகு நேற்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. ஆச்சி ஊர்க் கொடையில் மகுடச் சத்தம் கேட்டு வளர்ந்தவன் நான். பைத்தானில்தான் பதினைந்து வருஷமாகப் பிழைப்பு. தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்விக்குறியில் இருந்து தொடங்குகிறேன். விண்டோஸில் ஃபைலைத் தொடும் ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு வாசல்கள் உண்டு. அந்த ஃபங்ஷன்களின் பெயர் டபிள்யூ என்ற எழுத்தில் முடிந்தால் யூனிகோட் வாசல்; யூனிகோட் என்பது உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் பொதுத் தரம். ஏ என்று முடிந்தால் பழைய பைட் வாசல். டிஸ்க்கில் பெயர் எழுதப்பட்டிருப்பது யூனிகோடில்தான். 1993-ல் விண்டோஸ் என்டி வந்த நாள் முதல் அப்படித்தான். பழைய வாசல் வழியாகக் கேட்டால், அந்த மெஷினின் கோட் பேஜுக்குள், அதாவது அதன் சின்ன எழுத்து அட்டவணைக்குள், பெயரை அடக்கித் தர வேண்டியிருக்கும். நம் ஊரில் ஆங்கில செட்டிங்கோடு வரும் மெஷின்களில் அது 1252. அதில் இருப்பதே 256 இடங்கள். ஆங்கிலமும் மேற்கு ஐரோப்பிய எழுத்துகளும் அவற்றை நிரப்பிவிட்டன. தமிழுக்கு அங்கே இடம் இல்லை. மெஷினின் பொதுக் கோட் பேஜாக வைத்துக்கொள்ளும்படி தமிழுக்கென்று ஒன்றை விண்டோஸ் ஒருநாளும் தந்ததில்லை. விண்டோஸ் 2000-ல் தமிழ் வந்தபோதே யூனிகோடில் மட்டும்தான் வந்தது. ஆகவே பழைய வாசல் வழியாகப் போகும் எந்தத் தமிழ்ப் பெயரும் கேள்விக்குறியாகத்தான் வெளியே வரும். உங்கள் மெஷினில் எந்தப் பழுதும் இல்லை சார்.

பத்து ஏன் என்று கேட்டீர்கள். யூனிகோட் உயிர்மெய்யை ஒரே எண்ணாக வைப்பதில்லை. சு என்பது ச ஓர் எண், உகரக் குறி ஓர் எண். ன் என்பது ன ஓர் எண், புள்ளி ஓர் எண். ட மட்டும் தனி எண். அப்படி எண்ணினால் சுடலைமாடன் பத்து. ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு கேள்விக்குறி. இலக்கணம் படித்த உங்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். நமக்கு க் என்பது மூலம், அதோடு அ சேர்ந்தால் க. யூனிகோடில் க என்பது மூலம், அதன்மேல் புள்ளி வைத்தால் க். ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி எண் வேண்டும் என்ற எண்ணத்தில் உருவானதுதான் டேஸ்-16. 2010-ல் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் அதையும் சேர்த்தே தரமாக அறிவித்தது. ஆனால் இன்று உலகம் முழுவதும் ஃபைல் பெயர் போகும் பாதை யூனிகோட்தான்.

அடுத்தது, அந்த 652 ஏன் விட்டுப்போயின என்பது. விண்டோஸில் ஃபைல் பெயருக்குள் கேள்விக்குறி வரவே கூடாது. ஸ்கிரிப்ட் அந்தப் பெயரைக் கையில் வைத்துக்கொண்டு ‘இதைத் திற’ என்று கேட்டதும், ‘இப்படி ஒரு பெயரே செல்லாது’ என்று பைத்தான் பிழை எழுப்பியிருக்கும். உங்கள் மருமகன் ஸ்கிரிப்டில், பிழை வந்தால் ஒன்றும் சொல்லாமல் அடுத்த ஃபைலுக்குப் போ என்று எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன். ஒரு கெட்ட ஃபைலால் நடுராத்திரியில் மொத்த பேக்கப்பும் நின்றுவிடக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில்தான் பலரும் அப்படி எழுதுகிறார்கள். நானும் எழுதியிருக்கிறேன். பைட் வாசலும் அந்த வாயடைப்பும் ஒன்று சேர்ந்ததால்தான் எட்டு வருஷம் யாருக்கும் தெரியவில்லை. தனித்தனியாக இருந்திருந்தால் முதல் வாரமே பிடிபட்டிருக்கும்.

இனி வெர்ஷன் விஷயம். 2003-ல் வந்த பைத்தான் 2.3-லேயே பெயரை யூனிகோட் ஸ்ட்ரிங்காக (எழுத்துச் சரமாக) கேட்டால் பைத்தான் டபிள்யூ வாசல் வழியாகப் போய்விடும். 2008 டிசம்பரில் வந்த 3.0-ல் சாதாரண ஸ்ட்ரிங்கே யூனிகோட் ஆகிவிட்டது. ஆனால் மேற்கோள் குறிக்கு முன்னால் ஒரு பி போட்டு பைட்டாகக் கொடுத்தால் பழைய ஏ வாசல் திறந்தே இருந்தது. பைத்தான் 2-ல் இருந்து 3-க்கு மாற்றும்போது, டைப் எரர் வருகிற இடத்தில் எல்லாம் ஒரு பி போட்டுத் தப்பித்தவர்கள் ஏராளம். உங்கள் ஸ்கிரிப்டிலும் அப்படித்தான் நடந்திருக்க வேண்டும்.

2012-ல் வந்த 3.3-ல்தான் விண்டோஸில் பைட் பெயர்களை டெப்ரிகேட் செய்தார்கள், அதாவது கைவிடப்போவதாக அறிவித்தார்கள். காரணத்தையும் அப்போதே சொன்னார்கள்: கோட் பேஜை நம்பி இருக்கக் கூடாது, எந்தப் பெயராக இருந்தாலும் வேலை செய்ய வேண்டும். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை, முழுக்கச் சரியான முடிவு. ஆனால் 3.2-ல் இருந்தே டெப்ரிகேஷன் எச்சரிக்கைகளைச் சாதாரணமாகக் காட்டாமல் மறைத்து வைத்திருந்தார்கள். சுவிட்ச் கொடுத்தால் மட்டும் தெரியும். புரோகிராம் எழுதுகிறவருக்கான செய்தி, பயன்படுத்துகிறவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்பது அவர்கள் வாதம். எழுதியவர் ஆங்கிலப் பெயர் ஃபைலை வைத்துச் சோதித்தால் அவருக்கு ஒன்றும் தெரியாது. பறிகொடுப்பவர் சிந்துபூந்துறையில் இருக்கிறார், அவர் கண்ணில் அது படவே படாது. இந்த இடத்தில் அவர்கள் செய்தது தவறு என்றே நான் இன்றும் நினைக்கிறேன். 3.7-ல், நேரடியாக ஓட்டும் ஸ்கிரிப்டில் வருகிற எச்சரிக்கையை மட்டும் மறுபடி காட்டத் தொடங்கினார்கள்.

பிறகு 2016 டிசம்பரில் 3.6. இங்கேதான் உங்கள் குழப்பத்துக்கு விடை இருக்கிறது. பெப் 529 என்ற முன்மொழிவின்படி, விண்டோஸில் பைட்டாகக் கொடுக்கும் பெயரை யூடிஎஃப்-8 (யூனிகோட் எண்களைப் பைட்டாக எழுதும் முறை) என்று வைத்துக்கொண்டு, அதை யூனிகோடாக்கி, டபிள்யூ வாசல் வழியாகவே அனுப்பத் தொடங்கினார்கள். வாசலை மூடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள், மூடாமல் அது போய்ச் சேரும் இடத்தை மாற்றிவிட்டார்கள். லினக்ஸில் பழகியவர்கள் பைட்டிலேயே எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்த லைப்ரரிகள் விண்டோஸுக்கு வந்ததும் ஆங்கிலம் அல்லாத பெயர்களைக் கெடுத்தன. எச்சரித்தும் கேட்கவில்லை என்றால், கெடாதபடி ஆக்கிவிடுவதே மேல் என்று முடிவு செய்தார்கள். டெப்ரிகேஷனும் அதோடு எடுக்கப்பட்டது. அதனால்தான் உங்கள் 3.11-ல் எச்சரிக்கை வராமலேயே எல்லாம் ஓடுகிறது.

திருத்த வேண்டுமா என்றால், கண்டிப்பாகத் திருத்துங்கள். பெயர் என்பது எழுத்து. அதை எழுத்தாகவே கையாளும் ஸ்கிரிப்ட் எந்த வெர்ஷனிலும் ஓடும். பி-யை எல்லா இடத்திலும் எடுத்துவிடுங்கள். அதைவிட முக்கியம், பிழை வந்தால் எந்த ஃபைல், என்ன பிழை என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள். முடிவில் இரண்டு டிஸ்க்கிலும் எத்தனை ஃபைல்கள் என்று எண்ணிக் காட்டட்டும்.

முக்கூடல் பையன்:

அண்ணாச்சி, இவ்வளவு தூரம் போக வேண்டாமே. விண்டோஸ் 7-ல் பைத்தான் 3.8 வரைக்கும் ஓடும். 3.4-ஐ எடுத்துவிட்டு 3.8-ஐப் போடுங்கள். ஸ்கிரிப்டில் கை வைக்காமலேயே தமிழ்ப் பெயர்கள் சரியாகிவிடும். எங்கள் பீடிக் கம்பெனி சம்பளப் பட்டியலுக்கு நான் இப்படித்தான் செய்தேன், இரண்டு வருஷமாக ஒரு பிரச்சினையும் இல்லை.

சிந்துபூந்துறை வாத்தியார்:

பாளைக்காரத் தம்பி, அந்தப் பத்துக்கு விடை கிடைத்ததே எனக்குப் பெரிய நிம்மதி. அகரமேறிய மெய்யை மூலமாக வைத்திருக்கிறார்கள் என்பதை முப்பத்தைந்து வருஷம் இலக்கணம் நடத்திய நான் இப்போதுதான் தெரிந்துகொள்கிறேன்.

மருமகனிடம் போனில் பேசினேன். நீங்கள் சொன்னது அப்படியே உண்மை. முதலில் பைத்தான் 2-ல் எழுதி, 3.4-க்கு மாற்றும்போது பி போட்டிருக்கிறான். பிழையைக் கண்டுகொள்ளாமல் விடும் வரியும் இருக்கிறது. ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை அவன். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. வேலை முடிந்து வந்து இரவில் உட்கார்ந்து மாமாவுக்காக எழுதியது.

முக்கூடல் தம்பி, நீங்கள் சொல்வது எளிது. ஆனால் அந்தக் கேசட் கார்டோடு வந்த மென்பொருள் பைத்தான் 3.4-ஐ நம்பித்தான் ஓடுகிறது. ஒன்றை மாற்றினால் இன்னொன்று நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இன்னும் அறுபது கேசட்டுகள் மீதம். திருத்துவது என்றே முடிவு செய்துவிட்டேன்.

இன்னொரு கேள்வி. என் மாணவன் அவன் வீட்டில் லினக்ஸ் பெட்டி ஒன்றில் மூன்றாவது நகல் வைத்துக்கொள்வதாகச் சொல்கிறான். மகள் வீட்டில் பழைய மேக் இருக்கிறது, அதில் ஒரு நகல். அங்கெல்லாம் இந்தத் தொல்லை வருமா?

தென்காசிச் சாரல்:

சார், வணக்கம். நான் லினக்ஸ் சர்வர்களில் வேலை செய்கிறேன். பாளைக்காரன் அண்ணன் சொன்னதில் ஒரு இடத்தில் மட்டும் வேறுபடுகிறேன். பைட் வாசல் கெட்டது என்பது விண்டோஸுக்குப் பொருந்தும். லினக்ஸில் ஃபைல் பெயர் என்பதே பைட் வரிசைதான். சாய்வுக்கோடும் பூஜ்ய பைட்டும் வரக் கூடாது, வேறு எதுவும் வரலாம். அது யூடிஎஃப்-8 என்பது வழக்கமே தவிர, லினக்ஸ் கெர்னல் அதைச் சரிபார்ப்பதில்லை. இருபது வருஷத்துக்கு முந்தைய சர்வர்களில் திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீட்டில் பெயர் வைத்த ஃபைல்களை நான் பார்த்திருக்கிறேன். அவற்றை ஸ்ட்ரிங்காகப் படித்தால் பைத்தான் திணறியிருக்க வேண்டும். அப்படி ஆகாமல் இருக்க 3.1-ல் பெப் 383 கொண்டு வந்தார்கள். யூடிஎஃப்-8 ஆகப் படிக்க முடியாத பைட்டை, யாரும் பயன்படுத்தாத ஒரு தனி எண்ணாக மாற்றி ஸ்ட்ரிங்குக்குள் பத்திரமாக வைத்திருந்து, திரும்ப எழுதும்போது அதே பைட்டாக விட்டுவிடும். ஃபைலைத் தொலைக்காமல் கொண்டுபோய்ச் சேர்க்க அது நல்ல ஏற்பாடு. ஆகவே லினக்ஸில் பைட்டாக எழுதுகிறவர் சோம்பேறி இல்லை. அங்கே அதற்கு நியாயமான தேவை இருக்கிறது. அந்தப் பழக்கத்தை விண்டோஸுக்குக் கொண்டு வந்ததில்தான் தப்பு.

உங்களுக்கு அங்கே வரக்கூடிய தொல்லை வேறு, நீளம். நீங்கள் பெயர் வைக்கும் முறையைப் பார்த்தால் ஒரு பெயர் இப்படி இருக்கும் என்று நினைக்கிறேன்: ‘வீரவநல்லூர் சுடலைமாடன் கோயில் கொடை நடுச்சாமம் கணியான் கூத்து மகுடம் இரண்டாம் பகுதி ஆடி செவ்வாய்’. விண்டோஸ் டிஸ்க்கில் ஃபைல்களை வைக்கும் முறையான என்டிஎஃப்எஸ் கணக்கில், இடைவெளியையும் கடைசியில் வரும் நான்கெழுத்து எக்ஸ்டென்ஷனையும் சேர்த்து இது 99. அங்கே 255 வரை போகலாம், தாராளம். லினக்ஸில் அதே வேலையைச் செய்யும் இஎக்ஸ்டி4-லும் வரம்பு 255தான், ஆனால் அது பைட் கணக்கு. யூடிஎஃப்-8-ல் தமிழ் எண் ஒவ்வொன்றும் மூன்று பைட். க என்பது 224, 174, 149. இந்தப் பெயரில் தமிழ் எண்கள் 84. அதுவே 252 பைட், பதினோரு இடைவெளி, எக்ஸ்டென்ஷன் நான்கு, மொத்தம் 267. லினக்ஸ் பெட்டி ‘பெயர் ரொம்ப நீளம்’ என்று சொல்லி வாங்காது. ஆங்கிலத்தில் 255 எழுத்து எழுதுகிறவருக்குத் தமிழில் 85 எண்தான், நம் கணக்கில் ஐம்பது எழுத்துகூட வராது. அதனால் பெயரைச் சுருக்குங்கள். விவரத்தைத் தனியாக ஒரு பட்டியல் ஃபைலில் வையுங்கள். அந்தப் பட்டியலைத் திறக்கும்போதும் சேமிக்கும்போதும் யூடிஎஃப்-8 என்று எழுதிக் கொடுக்க மறக்க வேண்டாம். எழுதாவிட்டால் விண்டோஸில் பைத்தான், ஃபைலின் உள்ளே இருப்பதை இன்னும் அந்த 1252-ஐ வைத்துத்தான் படிக்கும். தமிழுக்குப் பதில் தலையில் கோடு போட்ட ஆங்கில ஏயும் வட்டத்துக்குள் ஆரும் வருவதைப் பார்த்திருப்பீர்களே, அது இப்படி வருவதுதான். 3.15-ல்தான் அதற்கும் யூடிஎஃப்-8 தானாக வருவதாக முடிவு செய்திருக்கிறார்கள்.

மேக் இன்னொரு கதை. உங்கள் ஃபைல்களில் பாதிக்கு மேல் ‘கொடை’ என்ற சொல் இருக்கும் அல்லவா? கொ என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். க-வோடு ஒகரக் குறியை ஒரே எண்ணாகச் சேர்ப்பது ஒன்று. க-வோடு ஒற்றைக் கொம்பு, பிறகு கால் என்று இரண்டாகப் பிரித்துச் சேர்ப்பது இன்னொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். முதல் முறையில் கொடை நான்கு எண், பன்னிரண்டு பைட். இரண்டாவதில் ஐந்து எண், பதினைந்து பைட். பழைய மேக்கின் ஹெச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்க், நீங்கள் எப்படிக் கொடுத்தாலும் பிரித்துத்தான் எழுதிக்கொள்ளும். நாளைக்கு விண்டோஸ் பட்டியலையும் மேக் பட்டியலையும் ஒப்பிட்டால், கொடை என்று வரும் ஒவ்வொரு ஃபைலும் ‘அங்கே இல்லை’ என்று வரும். கோயில் என்பதும் அப்படித்தான். ஒப்பிடும் முன்னால் இரண்டு பக்கத்தையும் யூனிகோட்டேட்டா மாட்யூலில் உள்ள நார்மலைஸ் வழியாக என்எஃப்சி வடிவத்துக்கு (ஒரே எண்ணாகச் சேர்த்து எழுதும் முதல் முறைக்கு) மாற்றுங்கள், சரியாகிவிடும்.

அதிலும் சரியாகாதது ஒன்று உண்டு. பௌர்ணமி என்பதைப் பலர் ஒற்றைக் கொம்பு, ப, ளகரம் என்று பெளர்ணமி ஆக டைப் செய்துவிடுகிறார்கள். அது வேறு சொல்லாகவே போய்விடும், என்எஃப்சி அதைத் தொடாது. இதற்கு உங்கள் கண்தான் வேண்டும் சார்.

யாராவது தேடல் வசதி எழுதித் தந்தால் அதையும் சோதித்துப் பாருங்கள். பைத்தானின் ரீ மாட்யூலில் ‘சொல்லில் வரும் எழுத்து’ என்பதற்கான குறி, உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக எண்ணாது. நெல்லை என்று கொடுத்தால் ந, ல, ல என்று மூன்று துண்டாக வரும். ஸ்ட்ரிங் யூனிகோட் ஆகி இத்தனை வருஷம் ஆன பிறகும் இது அப்படியே இருப்பது எனக்கு வருத்தம்தான். தமிழ் எழுத்தாகப் பிரிக்க வேண்டும் என்றால் ஓப்பன்-தமிழ் லைப்ரரி இருக்கிறது.

பாளைக்காரன்:

சாரல் சொல்வது சரி. லினக்ஸை நான் சேர்த்து எழுதாதது என் விடுபடல்தான். சார், ஒன்று மட்டும் கூடுதலாக. பழைய மெஷினில் அந்தக் கேள்விக்குறிப் பெயர்களை எடுத்து, கறுப்புத் திரையில் அழிக்கும் கட்டளை எதுவும் கொடுத்துவிட வேண்டாம். அங்கே கேள்விக்குறி என்றால் ‘ஏதாவது ஓர் எழுத்து’ என்று பொருள். அதே நீளத்தில் இருக்கும் வேறு ஃபைல்களும் சேர்ந்து போய்விடும்.

சிந்துபூந்துறை வாத்தியார்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மாணவன் வந்து மருமகனையும் வீடியோவில் வைத்துக்கொண்டு திருத்தினான். பதினான்கு இடத்தில் பி இருந்தது, எல்லாவற்றையும் எடுத்தாயிற்று. பிழை வந்தால் ஃபைல் பெயரோடு ஒரு நோட்டில் எழுதி வைக்கும்படி மாற்றியாயிற்று. ஓடி முடிந்ததும் ‘முடிந்தது’ என்ற சொல்லை எடுத்துவிடச் சொன்னேன். அதற்குப் பதில் முதல் டிஸ்க்கில் இத்தனை, இரண்டாவதில் இத்தனை என்று இரண்டு எண் வருகிறது. பழைய 3.4-லேயே ஓட்டினோம். வெள்ளத்துக்குப் பிறகு பதிந்தவற்றையும் சேர்த்து முதலில் 2,203, இரண்டாவதிலும் 2,203. இரண்டாவது டிஸ்க்கில் தமிழ்ப் பெயர்களை என் கண்ணால் வரிசையாகப் பார்த்தேன். முதல் பெயர் அம்பாசமுத்திரத்தில் தொடங்கியது.

லினக்ஸ் பெட்டிக்கு அனுப்பியதில் ஏழு பெயர்கள் நீளம் என்று திரும்பி வந்தன. சாரல் அம்மா சொன்ன கணக்குத்தான். சுருக்கி அனுப்பிவிட்டோம். மேக்குக்கு இன்னும் போகவில்லை. கொடை, கோயில் இரண்டையும் என்எஃப்சி ஆக்கி ஒப்பிடும் வரியை மாணவன் இப்போதே சேர்த்துவிட்டான். பெளர்ணமி என்று ஒன்பது இடத்தில் நானே தப்பாக எழுதியிருந்தேன், உட்கார்ந்து திருத்தினேன்.

திறக்காத அந்த 2014 பதிவு பற்றி ஒரு செய்தி. அன்றைக்கு அந்தக் கொடையில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொருவரும் டேப்பில் பதிந்துகொண்டிருந்தார் என்று மந்த மகுடம் அடித்தவர் இப்போது நினைவுபடுத்திச் சொன்னார். கல்லிடைக்குறிச்சிக்காரராம். விலாசம் வாங்கியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸுக்குப் போகிறேன்.